மீட்டிங் ரூம் டச் பேனல் படுத்திய பாடு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

ரூம் சப்போர்ட், சென்னை:

ஓஎம்ஆரில் ஒரு அலுவலகத்தில் ஆறு வருடமாக மீட்டிங் ரூம்களைப் பார்த்துக்கொள்கிறேன். 18 ரூம், ஒவ்வொன்றிலும் மேசை மேல் ஒரு பத்து அங்குல டச் பேனல்: வீடியோ கால், மைக், சத்தம் எல்லாவற்றையும் தட்டி இயக்கும் திரை. ‘பேனல் வேலை செய்யலை’ என்று வராத வாரம் கிடையாது. ஆனால் பேனல் நிஜமாகவே செத்துப்போனது இதுவரை இரண்டே தடவை. கோளாறு எங்கே இருந்தாலும் எல்லோரும் தட்டுவது அதைத்தான் என்பதால் பழியும் அதன் தலையில்.

என்னை மூன்று நாள் அலையவிட்ட கதை இது. ஏழாவது மாடியில் கார்ப்பெட் மாற்றி முடித்த மறு வாரம், ஒரு ரூமிலிருந்து புகார்: பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் தானாக மியூட் ஆகிறது, சத்தம் தானாக ஏறுகிறது, ஒருமுறை காலே கட்டாகிவிட்டது. ‘பேய் இருக்குண்ணா, பூஜை போடுங்க’ என்று டீம் லீடு சிரிக்கிறார். நான் கேபிள் மாற்றினேன், மைக் மாற்றினேன், கோடெக்குக்கு (வீடியோ காலை நடத்தும் பெட்டி) சாஃப்ட்வேர் அப்டேட்டும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்து ஒரு டெஸ்ட் கால் போட்டேன். பத்து நிமிடம் அமைதி. திடீரென்று வால்யூம் பட்டை கிடுகிடுவென்று மேலே ஏறியது. என் விரல் பேனலில் இல்லை. எதேச்சையாக நிமிர்ந்தால், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து ரூமில் ஒருவர் பேனலைக் குத்திக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு தடவை குத்தினால் இங்கே ஒரு கட்டம் ஏறுகிறது! அவருக்கோ அங்கே சத்தமே கேட்கவில்லை, அதனால் இன்னும் குத்துகிறார்.

கார்ப்பெட் வேலைக்காக எடுத்து வைத்த பேனல்களைத் திருப்பி வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். எங்கள் மாடல் நெட்வொர்க் வழியாகக் கோடெக்கோடு ஜோடி சேருவது. எந்த ரூமில் கொண்டுபோய்ச் செருகினாலும் பழைய ஜோடியைத்தான் அது தேடிப்போகும். இரண்டையும் கழற்றி இடம் மாற்றி வைக்க ஐந்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு பேனலின் அடியிலும் ரூம் பெயரும், மேக் அட்ரஸின் (நெட்வொர்க்கில் அந்தப் பேனலின் அடையாள எண்) கடைசி நாலு எழுத்தும் ஸ்டிக்கரில் இருக்கும்.

நெட்வொர்க் ஆள், கோவை:

நல்ல பேய் அண்ணே. எங்கள் பேய் கரண்ட் போய் வந்தால் மட்டும் வரும். யூபிஎஸ் இல்லாத ஒரு சின்ன நெட்வொர்க் ரேக். மின்சாரம் திரும்பியதும் ஃபோன், வைஃபை பெட்டி எல்லாம் எழுந்துவிடும், ஒரு ரூமின் பேனல் மட்டும் கறுப்பாகவே கிடக்கும். யாராவது போய் ஒரு ஃபோனைப் பிடுங்கினால் உயிர் வரும். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் செக்யூரிட்டி அண்ணன், எனக்குக் காரணம் புரிய ஒரு மாதம் ஆனது.

பேனலுக்குத் தனி அடாப்டர் கிடையாது, லேன் கேபிளிலேயே கரண்ட் வருகிறது. இதற்குப் பெயர் பிஓஇ. அதன் 802.3ஏஎஃப் என்ற தரவிதிக் கணக்கில், கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் ஒரு போர்ட் (கேபிள் செருகும் இடம்) 15.4 வாட் கொடுக்கலாம், கேபிளின் மறுமுனைக்கு 12.95 வாட் வரை உறுதி. 24 போர்ட்டுக்கும் முழுசாகக் கொடுக்க 370 வாட் வேண்டும். எங்கள் பழைய ஸ்விட்சில் அதில் பாதிதான் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து கை நீட்டினால் கடைசியில் நிற்பவனுக்குப் பந்தி காலி. பேனல் இருக்கும் போர்ட்டின் பிஓஇ முன்னுரிமையை உச்சத்தில் வைத்தேன், தீர்ந்தது.

அப்புறம் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைகிற வகை இருந்தால், நீளமான சாதாரண கேபிளை மட்டும் நம்பாதீர்கள். யூஎஸ்பி 2.0க்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. மேசைக்கும் டிவிக்கும் இடையில் தரையடியில் சுற்றிப் போகும்போது ஐந்து மீட்டர் எங்கே போதும்?

அட்மின் டெஸ்க்:

நான் டெக்னிக்கல் ஆள் இல்லை, ரூம் புக்கிங் பார்க்கிறேன். காலை 11 மணிக்கு கிளையன்ட் மீட்டிங். பேனல் லிஸ்டில் 11 மணிக்கு ஒன்றுமே இல்லை, 5:30க்கு ஒன்று இருக்கிறது. யாரோ சாயங்காலத்துக்கு புக் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, சார் என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பேனலின் மூலையில் இருந்த சின்ன கடிகாரத்தைப் பார்த்தேன்: 5:32. என் கை வாட்ச்சில் 11:02. சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். முந்தின நாள் ரீசெட் செய்தவர்கள் நேர மண்டலத்தை கிரீன்விச்சிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த 5:30ஐத் தட்டினேன், கிளையன்ட் உள்ளே காத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. காலை ஆறரைக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா ஈரத்துணியால் பேனலைத் துடைத்திருக்கிறார். ஈரத்தை அது விரல் என்று எடுத்துக்கொண்டு, கடைசியாகப் பேசிய நம்பருக்கு அடித்துவிட்டது. அமெரிக்காவில் அப்போது இரவு ஒன்பது. வீட்டில் இருந்த மேனேஜர் எடுத்தால் திரையில் அக்காவும் துணியும். அக்கா கொஞ்சமும் அசராமல், ‘சார் யாரும் வரலைங்க, அப்புறம் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து துடைத்தாராம். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது என்று மெயில் போட்டிருந்தார்.

ரூம் சப்போர்ட், சென்னை:

கோவைக்காரரே, அந்த முன்னுரிமை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே பார்க்கிறேன். நேரத்தைப் பற்றி அட்மின் சொன்னதும் நினைவு வருகிறது: பேனல்கள் லாகின் ஆகும் ரூம் கணக்குகளுக்கும் ஆட்களைப் போலவே 90 நாள் பாஸ்வேர்டு விதி வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை 18 பேனலும் ஒன்றாக லாகின் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

துடைக்கும்போது தொடுதலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க சில பேனல்களில் செட்டிங் உண்டு, அக்காவுக்குக் காட்டிக் கொடுங்கள். அல்லது வேண்டாம், அவரை எங்கள் ரிசப்ஷனுக்கு அனுப்பிவிடுங்கள்.