பேஸ் கிடாருக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பியா, ரவுண்ட்வவுண்ட் கம்பியா? காசைப் போடும் முன் கேட்டுக்கொள்கிறேன்

நாஞ்சில் பேஸ்:
வணக்கம். ஆறு வருடமாக பேஸ் வாசிக்கிறேன். ஞாயிறு காலை சர்ச்சில் கொயருடன், மற்றபடி கல்யாணம், கோயில் கொடை என்று ஒரு இன்னிசைக் குழுவுடன். கையில் இருப்பது ஸ்குவையர் பிரெசிஷன் (ஃபெண்டர் கம்பெனியின் மலிவு வரிசை பேஸ்), 34 அங்குல ஸ்கேல், அதாவது அதிர்கிற கம்பியின் நீளம். இதுவரை போட்டதெல்லாம் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் கம்பி, 45-100 (மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பி வரை தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). வேறு எதையும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

போன மாதம் சர்ச்சில் ஒரு மெதுவான பாட்டை மொபைலில் பதிவு செய்து கேட்டபோதுதான் உறைத்தது, நான் கையை நகர்த்தும்போதெல்லாம் கம்பி கீச் கீச் என்று கத்துகிறது. பாடுகிற அக்கா ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் ஸ்பீக்கர் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தொல்லை வியர்வை. புது செட் போட்டால் மூன்று வாரம் கணீர் என்று இருக்கும், அப்புறம் செத்துவிடும்.

ஃப்ளாட்வவுண்ட் போட்டால் இரண்டும் தீரும் என்கிறார்கள். ஆனால் விலை நான் வாங்குகிற ரவுண்டைப் போல இரண்டு மடங்கு. குழுவில் பாதிக்கு மேல் இளையராஜா பாட்டுகள்தான், நடுநடுவே குத்துப்பாட்டு, அதில் கொஞ்சம் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிப்பது). ஃப்ளாட் போட்டால் பேஸ் சத்தமே அமுங்கிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டவர்கள் சொல்லுங்கள்.

டோன் நாப்:
முதலில் டோன் நாபை (கூர்மையான ஒலியைக் குறைக்கிற திருகு) முழுக்கக் குறைத்துவிட்டு, பிரிட்ஜ் பக்கம், அதாவது உடம்பில் கம்பி முடிகிற இடத்தில், கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகி வாசித்துப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சே போதும். அந்தச் சத்தம் பிடித்தால் ஃப்ளாட் வாங்குங்கள். பிடிக்கவில்லையா, காசு மிச்சம்.

பழைய கம்பி:
தம்பி, ஸ்பாஞ்ச் யோசனை நல்லது, ஆனால் புதிதல்ல. அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜை மூடுகிற உலோக மூடிக்குள் ஃபோம் ஒட்டித்தான் விற்றார்கள். 1951-ல் பிரெசிஷன் பேஸ் வந்தபோது அதில் போட்டதும் ஃப்ளாட்தான். நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய டபுள் பேஸின் வேலையை இது செய்ய வேண்டும், அதாவது 'தும்' என்று விழ வேண்டும், உடனே அடங்க வேண்டும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு கம்பெனிப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கடைசிவரை அதே வழிதான்: 1962 பிரெசிஷன், லா பெல்லா கம்பெனி ஃப்ளாட், அதுவும் 52-110 என்று கயிறு மாதிரி கனமான செட், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு பேஸ் அமுங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் தன் காதை டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

ரவுண்ட் பரவியது அறுபதுகளின் பின்பாதியில்தான். 'தி ஹூ' என்ற ராக் குழுவின் பேஸ்காரர் ஜான் என்ட்விசிலுக்குப் பியானோவின் அடிக்கட்டை மாதிரி கணகணவென்று வேண்டியிருந்தது, 1966-ல் ரோட்டோசவுண்ட் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து அதற்கேற்ற கம்பியைச் செய்ய வைத்தார். ஸ்விங் பேஸ் 66 என்ற பெயரில் இன்னும் விற்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். நடுக்கம்பி மேல் உருண்டையான கம்பியைச் சுற்றினால் ரவுண்ட், தட்டையான நாடாவைச் சுற்றினால் ஃப்ளாட். ரவுண்டில் சுற்றுக்குச் சுற்று ஒரு பள்ளம் விழுகிறது. விரல் அதன்மேல் வழுக்கும்போது வருவதுதான் உங்கள் கீச் சத்தம், வியர்வையும் அழுக்கும் போய் உட்கார்ந்து கம்பியைக் கொல்வதும் அதே பள்ளத்தில்தான். ஃப்ளாட்டில் அந்தப் பள்ளம் கிடையாது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான பிரெட்டும் மெதுவாகத்தான் தேயும்.

நான் டடாரியோ கம்பெனியின் குரோம்ஸ் என்ற ஃப்ளாட் போட்டு நாலு வருடம் ஆகிறது, அதே செட். முதல் இரண்டு வாரம், என்னடா இது ரவுண்ட் மாதிரியே மினுங்குகிறதே, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. மூன்றாவது மாதத்தில்தான் பதமாக வந்தது. நாலு வருடத்தில் நீங்கள் எத்தனை ரவுண்ட் செட் வாங்குவீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.

குத்துக்கு மட்டும்:
அண்ணன் சொன்னதெல்லாம் ஸ்டூடியோவுக்குச் சரி. கொடை மேடையில் நின்று பாருங்கள். நானும் ஆசைப்பட்டு ஃப்ளாட் போட்டேன், மூன்று மாதத்தில் கழற்றினேன். வீட்டில் வாசித்தால் தேன் மாதிரி இருக்கும். மேடையில் ஒரு பக்கம் பேட் (எலக்ட்ரானிக் டிரம்), ஒரு பக்கம் தவில், நடுவில் கீபோர்டு, நான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. வயிற்றில் அதிர்கிறது, ஆனால் அது எந்த ஸ்வரம் என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் ஒரு சுரத்தை அடையாளம் காட்டுவது அதோடு சேர்ந்து ஒலிக்கிற உச்ச ஒலிகள் (ஓவர்டோன்), ஃப்ளாட்டில் குறைவாக இருப்பதும் அவைதான். ஸ்லாப்பைக் கேட்கவே வேண்டாம், ஈரச் சுவரில் தட்டின மாதிரி இருக்கும்.

கீச் சத்தத்துக்குப் பாதிக் காரணம் உங்கள் இடது கை. கம்பியோடு இழுத்துக்கொண்டே போகாமல் விரலை லேசாகத் தூக்கி நகர்த்திப் பழகுங்கள். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள், கம்பிக்கு அடிப்பக்கமும் சேர்த்து. செத்த ரவுண்டைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரம் போகக் காயவைத்து மாட்டினால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். புது செட் அளவுக்கு நீடிக்காது, ஆனால் செலவு கேஸ் மட்டும்தான்.

டோன் நாப்:
மேடையில் கேட்காது என்பதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது. அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ஃப்ளாட், 50-110. இரண்டு மூன்று கிடாருக்கு நடுவில் குதிரை ஓடுகிற மாதிரி அந்த பேஸ் தனியாகக் கேட்கிறது. கம்பியைத் தட்டுகிற பிக் துண்டு கூட இல்லை, வெறும் விரல். கம்பி பிரெட்டில் மோதுகிற அளவுக்கு ஓங்கி அடிக்கிறார், அந்தக் கடகடப்புதான் வெட்டிக்கொண்டு வருகிறது. கையும் ஆம்பிளிஃபயரும் சேர்ந்துதான் சத்தம்.

பிரெட் இல்லாதவன்:
கேள்விக்குச் சம்பந்தம் கொஞ்சம் குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். பிரெட்லெஸ் (கழுத்தில் பிரெட்டே இல்லாத பேஸ்) வைத்திருப்பவர்கள் ரவுண்ட் போட்டால் கம்பி மரத்தை அரம் மாதிரி ராவிவிடும். ஜாஸ் பேஸ்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்டுதான் போட்டார், ஆனால் விரல்பலகை மேல் படகுக்குப் பூசுகிற எபாக்ஸி பிசினைப் பூசிவிட்டுப் போட்டார். அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை, ஃப்ளாட் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

நாஞ்சில் பேஸ்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்பாஞ்ச் வைத்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசித்தேன். அக்கா முடிந்ததும் வந்து "இன்னைக்கு என்ன தம்பி பண்ணினீங்க, பாட ரொம்ப சுகமா இருந்துச்சு" என்றார். ஆறு வருடத்தில் பேஸைப் பற்றி யாரும் என்னிடம் நல்ல வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமை குழுவில் அதே ஸ்பாஞ்சோடு வாசித்தேன், ஆள் காணாமல் போய்விட்டேன். 'குத்துக்கு மட்டும்' நண்பர் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. கீபோர்டு அண்ணன் இடது கையில் நான் வாசிக்கிற அதே பேஸையே வாசித்துக்கொண்டிருக்கிறார். ரவுண்டின் மினுமினுப்பு இருந்தவரை நான் அதற்கு மேலே தெரிந்திருக்கிறேன், அது போனதும் அவருக்குள் கரைந்துவிட்டேன். அடுத்த ரிகர்சலில் இரண்டு பாட்டுக்கு மட்டும் அவரை இடது கையை எடுத்துவிடச் சொன்னேன், கொஞ்சம் முறைத்தார், ஆனால் ஸ்பாஞ்ச் இருந்தும் பேஸ் கேட்டது. ராஜா பாட்டில் பேஸ் தனி ஆளாகப் பாடிக்கொண்டு போகுமே, அந்த இடங்களில் எனக்கே புல்லரித்தது.

அதனால் ஃப்ளாட் பக்கம்தான் சாய்கிறேன். கை வலிக்குமா? கழுத்து வளையுமா?

பழைய கம்பி:
எந்த ஃப்ளாட் என்பதைப் பொறுத்தது. குரோம்ஸில் உங்கள் அளவே, 45-100, இருக்கிறது, ஆனால் விறைப்பு கூடுதல், முதல் வாரம் இடது கை திட்டும். தொமாஸ்டிக் கம்பெனியின் ஜாஸ் ஃப்ளாட் 43-100, இழுவிசை ரொம்பக் குறைவு, ரப்பர் மாதிரி வளையும், விலைதான் கண்ணைக் கட்டும். ஓங்கி அடிக்கிற கையாக இருந்தால் அதில் கம்பி தடதடக்கும், உங்களுக்கு குரோம்ஸ் போதும்.

இழுவிசை ஏறினால் கழுத்து முன்பக்கம் கொஞ்சம் வளையும், கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கலாம். கம்பி மாட்டி ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள், உடனே திருகாதீர்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்கார்கிற நட்டின் பள்ளத்தில், தடித்த ஈ கம்பி முழுசாக உட்கார்கிறதா என்று பாருங்கள், மேலே தூக்கிக்கொண்டு நின்றால் முதல் பிரெட்டில் சுதி கூடிப் பேசும். இன்டொனேஷனையும், அதாவது கழுத்து முழுக்கச் சுதி சரியாக வரும்படி பிரிட்ஜில் செய்கிற சீரமைப்பையும், திரும்ப வைக்க வேண்டும்.

முக்கியமானது, கம்பியை வெட்டுவதற்கு முன் வெட்டப்போகிற இடத்துக்கு உட்பக்கம் நன்றாக மடக்கிவிட்டு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்நாடா உள்ளே நழுவி, இரண்டு மடங்கு காசு கொடுத்த கம்பி முதல் நாளே பிணமாகிவிடும். எனக்கு ஒரு ஏ கம்பி அப்படிப் போனது. உடம்புக்குள் ஓட்டை வழியாகக் கோக்கிற பேஸாக இருந்தால் ஃப்ளாட்டை அப்படிக் கோக்கவும் வேண்டாம், அந்தக் கூர் வளைவில் நாடா உடையும்.

குத்துக்கு மட்டும்:
சரி, தோற்றுவிட்டேன். ஆனால் கழற்றுகிற ரவுண்ட் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொதிக்கவைத்து, காயவைத்து, சுருட்டி எந்தக் கம்பி எது என்று எழுதி வையுங்கள். கொடை சீசனில் கீபோர்டு அண்ணன் இடது கையை எடுக்க மறுத்தால் தேவைப்படும்.