உயரம் இறக்கிய சிவிக் காரில் பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2008 ஹோண்டா சிவிக் இருக்கிறது. போன வருடம் வெளியில் வாங்கிய ஸ்பிரிங் போட்டு வண்டியின் உயரத்தை 40 மி.மீ. இறக்கினேன். 9,000 கி.மீ. கூட ஓடவில்லை, பின் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்மானக் குறி வரை வந்துவிட்டன. வெளிப்பக்கம் இன்னும் 5 மி.மீ. பட்டன் (டயரின் மேல் வரிகளின் ஆழம்) இருக்கிறது. நின்று பார்த்தால் டயர் புதிதுபோல் தெரியும். குனிந்து உள்ளே கைவிட்டுத் தடவியபோதுதான் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் நெடுஞ்சாலையில் போன வண்டி இது. நினைத்தாலே பதறுகிறது.

ஸ்பிரிங் மாற்றிய இடத்தில் முன் சக்கரங்களுக்கு மட்டும் அலைன்மென்ட் பார்த்தார்கள். இப்போது நான்கு சக்கரமும் அளந்ததில் பின்பக்க கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) இரண்டிலும் மைனஸ் 2.5 டிகிரி, அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) இடதில் 0.4 டிகிரி வெளியே, வலதில் 0.2.

இந்த வண்டியில் பின்பக்க டோவைத் திருப்பி வைக்கலாம், கேம்பரைத் திருப்ப கம்பெனி வசதி எதுவும் இல்லை. கேம்பரைவிட டோதான் டயரை வேகமாகத் தின்னும் என்று நம்புகிறேன். அப்படியானால் டோவை மட்டும் சரிசெய்தால் போதுமா, கேம்பரைச் சரிசெய்ய, நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்மும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கை) போட வேண்டுமா? ஆர்ம் புஷ் (ஆர்ம் இணையும் இடத்து ரப்பர்) பழையது, அதை முதலில் மாற்றணுமா?

அப்புறம், கோவையில் பின் சக்கரத்தையும் பொறுமையாகப் பார்த்து, அளவுச் சீட்டு தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். புது டயர் வாங்கிவிட்டேன், அலைன்மென்ட் முடியாமல் மாட்ட மனமில்லை.