சுன் வூகோங் எந்தக் குரங்கு? பொன்னிறக் குரங்கா, செம்முகக் குரங்கா?

காட்டுப்பூனை:
சீனாவின் பொன்னிறச் சப்பைமூக்குக் குரங்கு படம் எங்கே வந்தாலும், ‘இதுதான் நிஜ சுன் வூகோங்’ என்று கீழே ஒருவர் எழுதிவிடுகிறார். சுன் வூகோங் என்பவன் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற பழைய சீன நாவலின் குரங்கரசன்; அவனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கட்சி. நீல முகம், தகதகக்கும் முடி, பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது, சரி. ஆனால் இது சிச்சுவான், கான்சு, ஷான்சி, ஹூபெய் மலைகளில் 1,500 மீட்டருக்கு மேலே பனி கொட்டும் காட்டில், பூஞ்சையும் பாசியும் கூடி மரத்தில் படரும் லைக்கனைத் தின்றே குளிர்காலத்தை ஓட்டுகிற பிராணி. பீச் பழத் தோட்டத்தைச் சூறையாடியவன் வேறு ஆள்.

கதைக்காரன்:
கல்லிலிருந்து பிறந்து மேகத்தின்மேல் தாவுகிறவனுக்கு விலங்கியல் சான்றிதழ் கேட்கிறீர்களே பாஸ்! 72 உருவம் எடுக்கத் தெரிந்தவன் அவன். 1592-இல் நாவல் அச்சானதோடு கதை வளர்வது நின்றுவிட்டதா என்ன? சனங்கள் இன்று அந்த முகத்தைப் பார்த்து வூகோங் என்கிறார்கள் என்றால் அதுவும் நாட்டார் வழக்குதான்.

காட்டுப்பூனை:
சான்றிதழை நாவலே கொடுக்கிறது. 2-ஆம் அத்தியாயத்தில் குரு, ‘நீ மனிதன் மாதிரி இருந்தாலும் உனக்குக் கன்னச் சதை இல்லையே’ என்கிறார். இவன் சளைக்காமல், ‘அது இல்லாவிட்டால் என்ன, மனிதனுக்கு இல்லாத பை எனக்கு இருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது’ என்கிற மாதிரி பதில் கொடுக்கிறான். கன்னப்பை! கோயில் வாசலில் கடலையைப் பிடுங்கி இரண்டு கன்னமும் உப்ப அடக்கிக்கொண்டு நம்மூர்க் குரங்கு ஓடுமே, அதே பை. செம்முகக் குரங்குக்கு உண்டு. சப்பைமூக்குக் குரங்கோ நம் நீலகிரிக் கருமந்தியின் உறவுக்காரன், அந்த வகையறாவுக்கே கன்னப்பை கிடையாது. அதற்குப் பதிலாக, தின்ற இலையை நொதிக்க வைக்க அறை அறையாகப் பிரிந்த வயிறு.

பழஞ்சுவடி:
இரண்டு பேரும் வூகோங்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சப்பைமூக்குக் குரங்குக்கென்று அதைவிடப் பழைய கதைகள் சீனாவில் உண்டு. 324-இல் இறந்த குவோ பூ என்ற உரையாசிரியர், மூக்குத் துவாரம் மேல்நோக்கிய நீளவால் குரங்கு ஒன்றைச் சொல்கிறார்: மழை வந்தால் மரத்தில் தொங்கிக்கொண்டு வால் நுனியாலோ இரண்டு விரலாலோ மூக்கை அடைத்துக்கொள்ளுமாம். 11-ஆம் நூற்றாண்டு, சோங் அரச வம்சக் காலத்து லூ தியேன் எழுதியது இன்னும் கொடுமை. சிச்சுவான் பக்கத்து மலைகளில் பொன்வால் குரங்கை நஞ்சு அம்பால் அடித்து, வாலை மெத்தைக்கும் குதிரைச் சேண விரிப்புக்கும் எடுப்பார்கள். அம்பு பட்டதும் அது, தன் உயிருக்கு உலை வைத்ததே இந்த வால்தான் என்று தானே கடித்துத் துண்டாக்கி எறிந்துவிடுமாம். அந்த விரிப்பு போட்ட சேணத்தில் உட்காருவது அன்றைக்குப் பெரிய அதிகாரிகளின் அந்தஸ்து.

கதைக்காரன்:
வாலால் மூக்கை அடைக்குமா! காட்டுப்பூனை, இதற்கு மட்டும் சான்றிதழ் கேட்க மாட்டீர்களோ?

காட்டுப்பூனை:
வால் கதையை நான் நம்பவில்லை, ஆனால் மழையை நம்புகிறேன். 2010-இல் மியன்மாரில் புதிதாக ஒரு சப்பைமூக்கு இனத்தை அறிவித்தார்களே, அங்கத்து வேட்டைக்காரர்கள் ஆய்வாளர்களிடம் சொன்னது என்ன? மழைநீர் மூக்கில் இறங்கித் தும்மும், அதனால் தலையை முழங்காலுக்கு நடுவே புதைத்து உட்காரும் என்று. அப்புறம் பழஞ்சுவடி, குவோ பூ சொல்வது மஞ்சள் கலந்த கறுப்பு. அது பொன்னிறக் குரங்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதன் சொந்தக்காரன் யாராகவாவது இருக்கலாம்.

பழஞ்சுவடி:
இருக்கலாம். லூ தியேனின் பொன்வாலைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஒரு கொசுறு: 1870-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் மில்ன்-எட்வர்ட்ஸ் வூகோங்கைத் தேடிப் போகவில்லை, நுனி மேல்நோக்கிய மூக்கு என்று பேர்பெற்ற ஒட்டோமான் அரசி ரோக்செலானாவின் பெயரை வைத்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு முகம் ஒட்டுகிறார்கள்.

கதைக்காரன்:
நஞ்சு அம்பையும் சேண விரிப்பையும் சொன்னால் எந்தக் குழந்தை கேட்கும்? வூகோங் என்றால் கண் விரியும். அழியும் நிலையில் இருக்கிற விலங்குக்கு அந்தப் பெயர் காவலாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

காட்டுப்பூனை:
அதற்காகச் செம்முகக் குரங்கின் பட்டத்தைப் பறித்துக் கொடுப்பீர்களா? ஊரெல்லாம் திரிகிறது, அழகில்லை என்பதற்காக? நாவலில் அந்தப் பையை வைத்துத்தான் அவன் குருவிடமே வாயாடுகிறான். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.