பிரிந்த இரட்டையர் மீண்டும் சேரும் இலவசத் திறந்தவெளிக் கச்சேரி: பேண்ட் வேண்டுமா, ஒலி எப்படி, அனுமதி எங்கே?

மேடைப்பொறுப்பு (டர்பன்):
வணக்கம். செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தின விடுமுறையன்று செட்ஸ்வொர்த்தில் ஒரு மைதானத்தில் இலவசக் கச்சேரி. பக்கத்துப் பூங்காவைச் சீர்படுத்த நிதி திரட்டுகிறோம். பாடப்போவது நாட்டுப்புற ராக் இரட்டையர். ஒருவர் கிட்டார் வாசித்துக் கீழ்க்குரல் பாடுவார், மற்றவர் மேல்குரல் மட்டும். பல வருஷம் தனித்தனியாகப் பாடியவர்கள். 2,500 முதல் 3,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்ப்பு. நேரம் பிற்பகல் 3 முதல் 6 வரை. ஒருவர் "ரெண்டு குரல், ஒரு கிட்டார் போதும்" என்கிறார். மற்றவர் பேண்ட் கேட்கிறார். எது நடைமுறைக்கு ஒத்துவரும்? ஒலிக்கும் கரண்டுக்கும் எதைக் கவனிக்கணும்?

ஆறுகம்பி:
அண்ணா, இதே வாக்குவாதம், பிரிந்திருந்த அமெரிக்க இரட்டையர் பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் மீண்டும் சேர்ந்து பாடிய 1981 செப்டம்பர் 19 நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரிக்கு முன்னாலும் நடந்தது. அதுவும் பூங்காவுக்காக நடந்த இலவசக் கச்சேரிதான், ஐந்து லட்சம் பேர் என்று கணக்கு. இரண்டு குரலும் கிட்டாரும் போதும் என்றார் கார்ஃபங்கல். சைமனுக்குக் கையில் காயம் இருந்ததால் கச்சேரி முழுக்க வாசிக்க முடியாத நிலை. அதோடு, பிரிந்த பிறகு அவர் எழுதிய பாட்டுகளுக்கு எலெக்ட்ரிக் பியானோவும் ஊதுகருவிகளும் தேவைப்பட்டன. கடைசியில் 11 பேர் குழு, டிரம்ஸுக்கே இரண்டு பேர். ஆனாலும் சில பாட்டுகளுக்குக் குழு ஒதுங்கிக்கொண்டது, கிட்டாரும் குரலும் மட்டும் கேட்டன. உங்களுக்கும் அதுதான் வழி. பேஸ் கிட்டார் ஒன்று, கையால் தட்டும் தாளக்கருவி ஒன்று, அவ்வளவே போதும். முதல் இரண்டு பாட்டு குழுவோடு போகட்டும், அதற்குள் மிக்சரில் இருப்பவர் ஒலியைச் சரிசெய்துவிடுவார். குரல் மட்டும் நிற்கும் பாட்டுகளை நடுவில் வையுங்கள்.

சுருதி விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். வயது ஏற ஏற மேல்குரலின் எல்லை இறங்கும். கேப்போ (கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) 4-ஆம் கட்டில் இருந்தால் 2-க்கு நகர்த்துங்கள். ஒரு முழு சுரம் குறையும், விரல்பிடி மாறாது. கேப்போ இல்லாத பாட்டுக்கு ஆறு கம்பிகளையும் ஒரு சுரம் தளர்த்த வேண்டிவரும். 12 தடிமன் கம்பி செட் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) அப்போது தொய்ந்து கட்டையில் தட்டும், அதனால் இன்னும் தடித்த 13 செட் மாட்டிய இன்னொரு கிட்டார் தயாராக இருக்கட்டும். கம்பியை இரண்டு மூன்று நாள் முன்பே மாட்டி இழுத்துப் பழக்குங்கள். அன்றைக்கே மாட்டினால் டர்பன் ஈரக்காற்றில் பாட்டுக்குப் பாட்டு சுருதி ஓடும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் சொல் முடியும் இடம். தனியாகப் பாடிப் பழகியவர் ஒவ்வொருவரும் வரியை வேறு வேறு இடத்தில் வெட்டுவார். சுரம் சேர்ந்திருந்தாலும், கடைசி மெய்யெழுத்து இரண்டு முறை கேட்டால் போச்சு. கருவி இல்லாமல் உட்கார்ந்து, பாட்டுத் தாளில் மூச்சு எடுக்கும் இடத்தையும் வரி முடியும் தாளத்தையும் பென்சிலால் குறியுங்கள். வெட்டும் பொறுப்பு கிட்டார் வாசிப்பவருக்கே இருக்கட்டும், மற்றவருக்கு அவர் கை தெரியும்.

மிக்சர்மேசை:
ஒலிக்கு வர்றேன். பாய் விரிச்சு குடும்பமா உட்கார்ந்தா ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் பிடிங்க. 3,000 பேருக்கு 50க்கு 60 மீட்டர். தூரம் இரட்டிக்கிறப்ப சாதாரண ஸ்பீக்கர்ல 6 டெசிபல் குறையும். முன்வரிசைக்குக் காது வலிக்கிற அளவுக்கு வச்சாத்தான் பின்வரிசைக்குக் கேட்கும்னு ஆகக்கூடாது. 40 மீட்டர்ல ரெண்டு துணை ஸ்பீக்கர் கோபுரம் போடுங்க. ஒலி 40 மீட்டர் போக 116 மில்லிசெகண்ட் ஆகும். அதோட 10, 15 சேர்த்து 130 கிட்ட தாமதம் கொடுத்தா, பாட்டு மேடையிலிருந்தே வர்ற மாதிரி இருக்கும். தாமதம் போடாம விட்டா ஒவ்வொரு சொல்லும் எதிரொலிக்கும்.

டர்பன்ல செப்டம்பர் வசந்தகாலம், பிற்பகல் வடகிழக்குக் காற்று வலுவா அடிக்கும். எதிர்காற்றுல ஒலி மேல வளைஞ்சு போயிடும், கூட்டத்துக்கு வராது. மேடையை மைதானத்தோட வடகிழக்கு மூலையில வச்சு தென்மேற்கே பார்க்க விடுங்க. மைக்குக்கெல்லாம் ஸ்பாஞ்ச் உறை கட்டாயம்.

கிட்டாருக்கு மைக் வேண்டாம், கிட்டார்லயே பொருத்தின பிக்கப் (அதிர்வை மின்சமிக்ஞையா மாத்துறது) போதும். பியேசோ (அழுத்தத்தை உணர்ற படிக) பிக்கப்னா ஆக்டிவ் டிஐ பெட்டி (கிட்டார் சமிக்ஞையை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற, மின்சாரத்துல இயங்குற பெட்டி), உள்ளீட்டு மின்மறுப்பு குறைஞ்சது 1 மெகாஓம். அதுக்குக் கம்மியா போனா அடிநாதம் செத்து மூக்கால வாசிச்ச மாதிரி இருக்கும். ஊளை (ஸ்பீக்கர் ஒலி திரும்பக் கிட்டாருக்குள்ள புகுந்து கத்துறது) பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கிளம்பும், அது பெட்டிக்குள்ள இருக்கிற காற்றோட அதிர்வு. ஒலித்துளையை ரப்பர் மூடியால அடைச்சாலே பாதி தீரும். மீதியை ஈக்வலைசர்ல அந்த ஹெர்ட்ஸை மட்டும் குறுகலா வெட்டி எடுங்க.

ரெண்டு குரலையும் நடுவுல வைங்க. இடம் வலம்னு பிரிச்சா ஓரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு குரல்தான் கேட்கும், அப்புறம் எதுக்கு இரட்டையர்? ஓங்கின ஒலியை அமுக்குற கம்ப்ரஸரும் தனித்தனியா, 3க்கு 1 விகிதம் போதும். ஒண்ணா சேர்த்து அமுக்கினா ஒருத்தர் ஓங்கிப் பாடுறப்ப மற்றவர் குரல் முங்கிடும்.

மேடைப்பொறுப்பு:
ரொம்ப நன்றி அண்ணா. இருவரும் ஒரே மைக்கில் பாட ஆசைப்படுகிறார்கள். முடியுமா?

மிக்சர்மேசை:
வெளியில வேண்டாம். வாயிலிருந்து 5 சென்டிமீட்டர்ல இருந்த மைக் 20க்குப் போனா 12 டெசிபல் நஷ்டம். அதை ஏத்தினா மானிட்டர் (பாடுறவங்களுக்கே கேட்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) கத்தும். ரெண்டு மைக்கை 60, 70 சென்டிமீட்டர் இடைவெளியில, லேசா உள்பக்கம் திருப்பி வைங்க, ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்க்கலாம். எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு (முன்பக்க ஒலியை எடுத்து, நேர் பின்னால வர்றதைத் தவிர்க்கிற மைக்) ஆனா மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால. இன்னும் குறுகலா எடுக்கிற சூப்பர்கார்டியாய்டுன்னா பின்பக்கம் கொஞ்சம் சாய்வா, ரெண்டு ஓரத்துல. மானிட்டர்ல அவங்கவங்க குரலைவிட ஜோடிக்குரல் துளி தூக்கலா இருந்தா சுருதி நிற்கும்.

பூங்காக்குழு:
தம்பி, அனுமதி வேலையை இப்போதே தொடங்குங்கள். 2,000 பேரும் அதற்கு மேலும் கூடினால் 2010-ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறீர்கள். இலவசம் என்பதால் விலக்கு கிடையாது. காவல்துறைதான் இடர் அளவைத் தரம் பிரிக்கும். பாதுகாவலர், மருத்துவ உதவி எல்லாம் அதைப் பொறுத்தே. இசை உரிமைக்கு சாம்ரோ (தென்னாப்பிரிக்க இசைப் படைப்பாளிகளின் உரிமை அமைப்பு) உரிமமும் வேண்டும், பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

ஒலிக்குத் தனி ஜெனரேட்டர், உணவுக் கடைகளுக்கு வேறு. மொத்தச் சுமை அதன் திறனில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது. நியூட்ரலையும் எர்த்தையும் மின்பணியாளர் இணைத்துச் சோதித்தாரா என்று பாருங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (மின்கசிவைக் கண்டு கரண்டை நிறுத்துவது) ஆபத்து நேரத்தில் விழாது.

நன்கொடைக்கு ஸ்னாப்ஸ்கேன் (மொபைலில் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் முறை) பலகையை வாசலிலேயே வையுங்கள். கூட்டம் நிறைந்தபின் மொபைல் இணைப்பு திணறும். உண்டியலுக்கு முத்திரையும், ஒன்றுக்கு இரண்டு ஆளும்.

1981 சென்ட்ரல் பார்க் கச்சேரியில் டிக்கெட் பணம் கிடையாது. தொலைக்காட்சி, வீடியோ, இசைத்தட்டு, நினைவுப் பொருள் என்று வருமான வழியை முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். ஆகவே பதிவின் உரிமை யாருக்கு, பூங்காவுக்கு எவ்வளவு என்பதை ஒத்திகைக்கு முன்பே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மறுபடி சேர்வது இந்த ஒரு நாளுக்கா, மேலும் தொடருமா என்பதையும் அதிலேயே சேருங்கள். சைமனும் கார்ஃபங்கலும் அடுத்துச் சேர்ந்து தொடங்கிய ஆல்பம் 1983-ல் சைமனின் தனி ஆல்பமாகத்தான் வந்தது, கார்ஃபங்கல் பாடியது அதில் இல்லை.