மறு: பேக்ஃபயருக்குப் ‘பின்வெடி’ சரிப்படுமா?

> பேக்ஃபயர் = பின்வெடி, ஸ்டால் = இடைநிற்றல் என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா, தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். வண்டிக் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் கேட்டவை: எரிய வேண்டிய இடத்தை விட்டு எஞ்சின் வேறெங்கோ வெடிப்பது பேக்ஃபயர், ஓடும்போதே தானாக நின்றுபோவது ஸ்டால். எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை. இடைநிற்றலைப் பள்ளிக்கல்விக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதை வண்டிக்குக் கொடுத்தால் கார் எட்டாவதோடு படிப்பை விட்ட மாதிரி இருக்கும். பின்வெடியில் சிக்கல் இன்னும் பெரிது.

போன சித்திரையில் சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எங்கள் வீட்டு 1978 கார் நின்றுவிட்டது. நல்ல வெயில், இரண்டாவது கியர், முன்னால் லாரி. பெட்ரோல் பம்ப் சூடேறி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்று நினைத்து, பழைய வழக்கப்படி துண்டை நனைத்து அதன்மேல் போட்டுவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பிவிட்டது. துண்டுதான் காப்பாற்றியது என்று நம்பிக்கொண்டே வந்தால், ஏற்றம் முடிந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் படார் படார் என்று வெடி, டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். நாலு ரோடு வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை அணைந்தது.

பட்டறை அண்ணன் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: “கார்புரேட்டர்ல துப்புதா, சைலன்சர்ல வெடிக்குதா?”

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்புகிற பாகம். நாம் தேடுகிற கலைச்சொல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சைலன்சரில் வெடித்தால், சிலிண்டருக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியே போய்ச் சூடான குழாயில் பற்றிக்கொள்கிறது என்று பொருள். அப்போது பொறி எங்கே தப்புகிறது என்று பொறியை உண்டாக்கும் பாகங்களான பாயிண்ட், கன்டென்சர், காயில், பிளக் என வரிசையாகப் பார்க்க வேண்டும். கலவையில் பெட்ரோல் அதிகமா, சைலன்சர் மூட்டில் காற்று ஏறுகிறதா என்பதும் உண்டு. கார்புரேட்டரில் துப்பினால் கதை வேறு. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிவதால், அடுத்த சுற்றுக்கு உள்வால்வு திறக்கும்போதும் தீ அணையாமல் இருந்து வந்த வழியே திரும்புகிறது. வால்வு சரியாக உட்காராவிட்டாலும், பொறி விழும் நேரமான டைமிங் தவறினாலும், பிளக் வயர் இடம் மாறினாலும் இதே துப்பல்தான். பத்மினியானாலும் அம்பாசடரானாலும் நாலு சிலிண்டரும் எரியும் வரிசை 1-3-4-2. வயரை மாற்றிச் செருகிவிட்டு நாள் முழுக்கக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

என் வண்டியில் கன்டென்சர்தான் போயிருந்தது. சூடானால் செத்துவிடும், ஆறினால் உயிர் வரும். பாயிண்ட் முனை கரியாகக் கிடந்தது. கன்டென்சரை மாற்றி, பாயிண்டைத் தேய்த்துச் சுமார் 0.4 மி.மீ. இடைவெளி வைத்ததும் சரியாகிவிட்டது. கணவாயில் அந்த இருபது நிமிடத்தில் ஆறியது பம்ப் மட்டுமில்லை.

இப்போது பின்வெடிக்கு வருவோம். சத்தம் வண்டிக்குப் பின்னாலிருந்து வருவதால் படிக்கிறவர் சைலன்சரைத்தான் நினைப்பார். ஆங்கிலத்தில் கறாராகப் பேசுகிறவர்களோ பேக்ஃபயர் என்பதைக் கார்புரேட்டர் பக்கத்துக்கு வைத்துக்கொண்டு, சைலன்சரில் வெடிப்பதை ஆஃப்டர்ஃபயர் என்கிறார்கள். ஆக நம் சொல் நேர் எதிர்ப்பக்கம் போய் விழுகிறது, பழுது பார்க்கிறவரும் அங்கேதான் போய்த் தேடுவார். எனவே கார்புரேட்டர் பக்கத்துக்குத் தீத்துப்பல், சைலன்சர் பக்கத்துக்குப் புகைக்குழல்வெடி என்று பிரிக்கலாம் என்கிறேன். துப்பல் கொச்சை என்று யாராவது சொல்வீர்கள், தெரியும்.

ஸ்டாலுக்கு அணைவு. சாவியைத் திருப்பி நான் அணைக்கிறேன், வண்டி தானாக அணைகிறது. தன்வினையிலேயே வேறுபாடு வந்துவிடுகிறது. அணைப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கார் கட்டிப்பிடிக்கும்.

---

கிருஷ்ணகிரியிலிருந்து:

தம்பி, துப்பலுக்கு என் ஓட்டு. ஆனால் பிளஸ் டூ வேதியியல் நடத்துகிறவன் என்ற முறையில் அணைவுக்குத் தடை. அணைவுச் சேர்மங்கள் என்று ஒரு பாடமே இருக்கிறது. எங்கள் பாட்டி விளக்கை அமத்து என்பார், அதிலிருந்து அமர்வு எடுக்கலாமென்றால் நீதிமன்றம் ஞாபகத்துக்கு வருகிறது. தானணைவு என்றால் என்ன? அப்புறம், ஒரே வண்டி இரண்டு பக்கமும் வெடித்தால் எங்கே ஆரம்பிப்பது?

---

தருமபுரியிலிருந்து:

சார், தானணைவு நன்றாக இருக்கிறது, பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். இரண்டு பக்கமும் வெடித்தால் முதலில் டைமிங்கைப் பாருங்கள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட் தளர்ந்து அது திரும்பியிருக்கலாம்.

பட்டறை அண்ணனிடம் தீத்துப்பலைச் சொல்லிப் பார்த்தேன். “தீ எதுக்கு? துப்புதுன்னா போதாதா?” என்றார். துப்பல் என்றே போட்டுவிடட்டுமா?