தேன் கடைக்கு கூகுள் விளம்பரம்: கிளிக் வருகிறது, ஆர்டர் இல்லை. எந்தக் கீவேர்டு போடுவது?

குழித்துறை தேன்கடை:
வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்குத் தேன் பெட்டிகள் உண்டு. இப்போது ஆன்லைனிலும் விற்கிறோம். தேன், சுத்தமான தேன், மலைத்தேன் என்று கீவேர்டு (விளம்பரம் வரவேண்டிய தேடல் சொல்) போட்டிருக்கிறேன். கிளிக் நிறைய வருகிறது, ஆர்டர் விழவில்லை. நல்ல கீவேர்டு இருந்தால் சொல்லுங்கள். அவசரம், சீசன் போய்க்கொண்டிருக்கிறது.

களியக்காவிளை கடைக்காரர்:
நாளுக்கு எவ்வளவு செலவு? எந்தெந்த ஊருக்கு? எந்த மேட்ச் (கீவேர்டோடு தேடல் எவ்வளவு பொருந்த வேண்டும் என்பது)? பாட்டில் என்ன விலை? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பாறசாலை பக்கம்:
என்னைக் கேட்டால் மலையாளத்தில் போடுங்கள். எல்லை தாண்டினால் செறுதேனுக்கு (கொடுக்கில்லாச் சிறு தேனீயின் தேன்) நல்ல கிராக்கி. ஆனால் கீவேர்டையும் விளம்பரத்தையும் கூகுள் மொழிபெயர்த்துத் தராது. இரண்டையும் நீங்களே மலையாள எழுத்தில் எழுத வேண்டும்.

விளம்பர மூத்தவர்:
அவரிடம் செறுதேன் இருக்கிறதா என்று கேட்டீர்களா? கீவேர்டு கேட்டு வருகிற எல்லாரிடமும் இதையே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது: முதலில் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையை, அதாவது மக்கள் உண்மையில் தேடிய சொற்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடுவது கீவேர்டு, மக்கள் தட்டுவது வேறு. மேட்ச் எதையும் மாற்றாவிட்டால் அது பிராட் மேட்ச், தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் விளம்பரம் போகும். 'தேன்' என்று தனியாக விட்டால் தேன் பயன்கள், தேன் மிட்டாய், தேன் நெல்லிக்காய் செய்வது எப்படி என்று தேடுகிறவரெல்லாம் வருவார். அதையே ஆங்கில எழுத்தில் then என்று போட்டிருந்தால் இன்னும் மோசம், அது ஆங்கிலத்தில் வேறொரு சாதாரணச் சொல். அடிப்படை தெரியாமல் பணத்தை இறக்காதீர்கள்.

குழித்துறை தேன்கடை:
நாளுக்கு 300 ரூபாய். இந்தியா முழுக்க. மேட்ச் எதையும் தொடவில்லை. அரை கிலோ 350. செறுதேன் இல்லை.

களியக்காவிளை கடைக்காரர்:
சரி, இப்போது கணக்குப் போடலாம். பாட்டிலும் கூரியரும் போக உங்களுக்கு 100 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். கிளிக் 5 ரூபாய் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 5.90. அப்படியானால் 16 கிளிக்குக்குள் ஒரு ஆர்டர் வந்தால்தான் கைநஷ்டம் இல்லை. அரை கிலோவுக்கு இது ரொம்பக் கஷ்டம். விளம்பரத்தில் 1 கிலோ, 2 கிலோவை முன்னால் வையுங்கள்.

வாங்க வருகிறவர் தட்டுகிற சொல்லாக எடுங்கள்: தேன் வாங்க, 1 கிலோ தேன் விலை, மார்த்தாண்டம் தேன். எல்லாம் பிரேஸ் மேட்சில், அந்தச் சொல்லின் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும் விளம்பரம் போகும். கடைசியாகச் சொன்னதைத் தேடுகிறவர்கள் குறைவுதான், ஆனால் அவர் வாங்குகிறவர்.

அப்புறம் நெகட்டிவ் கீவேர்டு, அதாவது தேடலில் எந்தச் சொல் இருந்தால் விளம்பரம் போகக் கூடாது என்பது. தமிழில் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'பயன்' என்று போட்டால் 'பயன்கள்' தடைபடாது. நன்மை, நன்மைகள், எப்படி, மிட்டாய், பாடல், தேனீ வளர்ப்பு, பயிற்சி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். லொகேஷனில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்ப்பதுதான் முதலிலேயே தேர்வாகி இருக்கும். அதை 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள்.

அருமனை தேனீக்காரன்:
தம்பி, மலைத்தேனை முதலில் எடு. நம்முடையது ரப்பர் தோட்டத்துப் பெட்டித்தேன். புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரப்பதைத் தேனீ எடுக்கிறது. மலைத்தேன் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டுகிற பெருந்தேனீயுடையது. அந்தப் பெயரைச் சொல்லி இதை விற்கக் கூடாது.

பாறசாலை பக்கம்:
எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள் அண்ணே? ரப்பர் தேன் என்றால் யார் வாங்குவார்? சீக்கிரம் உறைந்தும் போகிறது, கலப்படம் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அருமனை தேனீக்காரன்:
உறைவது கலப்படத்துக்கு அடையாளமே இல்லை. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாகிறது, அவ்வளவுதான். பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். அதை லேபிளிலேயே அச்சடி, திருப்பி அனுப்ப மாட்டார்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அப்புறம் எதற்குப் பொய்ப்பெயர்?

விளம்பர மூத்தவர்:
அந்தக் குறியீட்டைப் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த இழை கீவேர்டுக்கானது, தேன் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள்.

அருமனை தேனீக்காரன்:
எந்தப் பெயரில் விற்கிறோம் என்பதும் கீவேர்டு விஷயம்தான் ஐயா.

குழித்துறை தேன்கடை:
மலைத்தேனையும் தனித் 'தேனை'யும் எடுத்தாச்சு. மேட்ச், லொகேஷன் மாற்றியாச்சு. கிளிக் குறைந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து 1 கிலோ ஆர்டர் வந்திருக்கிறது. எல்லாருக்கும் நன்றி, பார்சல் கட்டப் போகிறேன்.

களியக்காவிளை கடைக்காரர்:
நல்லது. அது எந்தக் கீவேர்டில் வந்தது? கன்வெர்ஷன் டிராக்கிங் (எந்தக் கிளிக் ஆர்டரானது என்று பதிவது) வைத்திருக்கிறீர்களா?