இளங்கலையில் ஜப்பானிய மொழி: தமிழ்வழியில் படித்தவருக்குக் கைகூடுமா?

கேள்வி (புதுக்கோட்டை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். முதல் வகுப்பிலிருந்து இதுவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே படித்தவள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து கொடுத்த ஜப்பானிய நாள்காட்டியில் இருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதத் தொடங்கி, ஹிரகனா, கதகனா ஆகிய இரண்டு எழுத்து வரிசைகளையும் நானாகவே கற்றுக்கொண்டேன். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. ஹானர்ஸ் சேர வேண்டும் என்ற ஆசையில் சி.யூ.இ.டி. நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறேன்.

அப்பாவோ, உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்துகொண்டு ஜப்பானிய மொழியைத் தனியாகச் சான்றிதழ் வகுப்பில் படித்தால் போதும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எனக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது என்பதால், ஆங்கிலத்தின் வழியே இன்னொரு மொழியைக் கற்பது என்னால் முடியுமா என்ற அச்சமும் இருக்கிறது. இந்தப் படிப்பைப் படித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (சென்னை, மொழிபெயர்ப்பாளர்)

அன்புத் தங்கைக்கு வணக்கம். நானும் தமிழ்வழியில் படித்துவிட்டு வடக்கே போய் ஜப்பானிய மொழியில் இளங்கலை முடித்தவள். பதினொரு ஆண்டுகளாக மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆங்கிலம் பற்றிய அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதே அச்சம்தான் என் முதல் பருவத்தைப் பாழாக்கியது. பாடநூலின் விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால், ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்தையும் மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, அதைப் பிறகு தமிழாக்கிப் புரிந்துகொள்ள முயன்றேன். எழுதும்போதும் அதே சுற்றுப்பாதையில் திரும்பி வந்தேன்.

ஒரு மாலை விடுதியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது 'தபெதெ மிரு' என்ற தொடர் வந்தது. 'தபெரு' என்றால் சாப்பிடுதல், 'மிரு' என்றால் பார்த்தல். இந்த இரண்டாவது வினை இங்கே ஏன் வருகிறது என்று ஆங்கில விளக்கம் நான்கு வரிகளுக்கு நீண்டுகொண்டு போயிற்று. அதைத் தள்ளிவைத்துவிட்டு, சொல்லுக்குச் சொல் தமிழை வைத்துப் பார்த்தேன்: சாப்பிட்டுப் பார். அதற்குமேல் விளக்க அங்கே எதுவும் இல்லை. அன்றிரவு பாடநூலை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் புரட்டினேன். 'இத்தெ ஒகு' என்பதில் 'ஒகு' என்றால் வைத்தல், ஆக, சொல்லிவை. 'கத்தெ குரு' என்பதில் 'குரு' என்றால் வருதல். ஆக, வாங்கி வா. 'மத்தெ இரு' என்பது காத்திரு. நாம் 'என்று' போடும் இடத்தில் அவர்கள் 'தொ' போடுகிறார்கள். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாம் பெயருக்கு முன்னால் வினையை நிறுத்துவதைப் போலவே அவர்களும் நிறுத்துகிறார்கள், வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது, வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டுகின்றன. போனேன், போனாய், போனார்கள் என்று ஆளுக்கேற்ப விகுதி மாற்றும் வேலைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் 'இத்தா' ஒன்றே. ஆங்கிலம் நன்றாக வந்த என் வகுப்புத் தோழர்கள் மாதக்கணக்கில் போராடிய இடங்களை நான் தமிழைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

ஆனால் இதை நம்பி மட்டும் இறங்கிவிடாதே, தங்கையே. தமிழ் ஏமாற்றும் இடங்களும் உண்டு. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதை நான் அப்படியே 'எனக்கு' என்ற பொருள் தரும் 'வதாஷி நி' என்று தொடங்கி எழுதியபோது ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டார். அங்கே 'வதாஷி வா' என்றுதான் தொடங்க வேண்டும். அந்த 'வா'வுக்கும் 'கா' என்ற இன்னொரு இடைச்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உறுத்தும். ஓரிடத்தில் மட்டும் நமக்குப் பிடி கிடைக்கும்: 'வதாஷி கா' என்று அழுத்தினால் அது பெரும்பாலும் நம் 'நான்தான்'. இன்னொன்று, தமிழ் எழுத்தில் ஒலியைக் குறித்து வைக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜப்பானிய மொழியில் முதலெழுத்தின் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு ஒன்றுதான் பிரிவினை. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்' என்றுதான் வரும். குறில், நெடிலில் மட்டும் நம் காது பொய் சொல்லாது: 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது சித்தி, 'ஒபாசன்' என்றால் பாட்டி.

காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைப் பற்றி அச்சமூட்ட விரும்பவில்லை, என்றாலும் அங்கேதான் ஆண்டுகள் செலவாகின்றன. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்பு உண்டு. நீரைக் குறிக்கும் எழுத்து தனியே நின்றால் 'மிசு' என்ற நாட்டுச்சொல். கூட்டுச்சொல்லில் சேர்ந்தால் சீனத்திலிருந்து வந்த 'சுய்'. ஒரே எழுத்தைத் தனியே 'நீர்' என்றும், 'தோஷம்' பக்கத்தில் வந்தால் 'ஜல' என்றும் படிப்பதாக நினைத்துக்கொள். இதை அப்படித்தான் நான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கான 'நிச்சியோபி' என்ற சொல்லில் ஒரே எழுத்து முதலிலும் கடைசியிலும் வருகிறது. முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'.

மறுமொழி 2 (யாழ்ப்பாணம், தமிழ் ஆசிரியர்)

பிள்ளைக்கு வாழ்த்துகள். இலங்கையில் யப்பானிய மொழி உயர்தரப் பரீட்சைக்கே ஒரு பாடமாக உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவும் பயிலலாம். நான் முறையாகப் பயின்றவன் அல்லன். எனினும் மேலே சகோதரி எழுதியதைப் படித்தபோது இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

யப்பானிய மொழியில் சுட்டு மூன்று: பேசுபவருக்கு அருகில் இருப்பது 'கொரே', கேட்பவருக்கு அருகில் இருப்பது 'சொரே', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அரே'. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதில் நடுச்சுட்டுக்குத் தடுமாறுவார்கள், ஏனெனில் அவர்களுடைய பேச்சில் இதுவும் அதுவும் மட்டுமே நின்றுவிட்டன. எங்கள் ஊரில் 'உது' இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் பேனையை நான் 'உது' என்றுதான் சொல்வேன். இது, உது, அது, எது என்று வரிசையாகச் சொல்லிப் பழகினால் 'கொரே, சொரே, அரே, தொரே' தானாக வந்து அமரும்.

இரண்டாவது, கொடுத்தல் வினைகள். ஒருவர் எனக்குத் தந்தால் 'குரெரு', நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. தொல்காப்பியம் கிளவியாக்கத்தைப் படித்த பிள்ளைக்கு இது புதிதன்று: தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். இன்றைய தமிழில் அந்தக் கோடு அழிந்துகொண்டு வருகிறது. யப்பானிய மொழியில் அதைப் பிழைத்தால் உடனே திருத்துவார்கள்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர் சுசுமு ஓனோ அத்தகைய உறவை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். எங்கள் பேராசிரியர்கள் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து பணியாற்றினார்கள். அந்த உழைப்பின்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆனாலும் வரலாற்று மொழியியலாளரில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதைக் கற்பதற்குப் பயன்படுத்துங்கள்; தேர்வுத்தாளில் இனவுறவாக எழுதாதீர்கள்.

கேட்டவர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. 'உது' என்ற சொல்லைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில், என்5 முதல் என்1 வரை உள்ள நிலைகளில் இரண்டாவது உயர்நிலையான என்2 தேர்ச்சி பெற்றுவிட்டால் பட்டம் தேவையில்லை என்று சித்தப்பாவின் நண்பர் சொன்னாராம். அது சரியா? பாடத்திட்டத்தில் 'பண்பாடு' என்று போட்டிருப்பது என்ன என்பதையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 3 (ஸ்ரீபெரும்புதூர், உரைபெயர்ப்பாளர்)

வணக்கம். உங்கள் அப்பா சொல்லும் வழியில் வந்தவன் நான். பி.காம். படித்துக்கொண்டே சென்னையில் மாலை வகுப்புகளுக்குச் சென்று, என்5-இலிருந்து படிப்படியாக ஏறி, என்2 தேர்ச்சி பெற்ற பிறகு ஒரு தொழிற்சாலையில் உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். எனவே அந்த வழி அடைபட்ட வழி அன்று. ஜப்பானில் மொழிபெயர்ப்பு வேலைக்கான விசாவுக்கும் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று இருந்தால் போதும், அது ஜப்பானிய மொழியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டின் நிலைமை டெல்லிக்கு இடம் தராவிட்டால் மனம் உடைய வேண்டாம்.

ஆனால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் அந்தத் தேர்வில் பேச்சு கிடையாது, கையால் எழுதுவதும் கிடையாது. படித்தும் கேட்டும் விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. மொத்தம் 180 மதிப்பெண்ணில் என்2-க்கு 90 வாங்கினால் தேர்ச்சி, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 19 இருந்தால் சரி. நான் அதைத் தாண்டிவிட்டு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் ஜப்பானிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் எங்கள் மேலாளரைக் கேட்டார். மேலாளர் ஜப்பானியர், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். நம் வழக்கப்படி, அவர் பெயரோடு மரியாதைக்குரிய 'சான்' சேர்த்து, உயர்த்திக் கூறும் வினையையும் போட்டு, வெளியே சென்றிருப்பதாகச் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த ஜப்பானிய ஊழியர் முகம் மாறிவிட்டது. வெளியாரிடம் பேசும்போது மேலாளரும் நம் பக்கத்து ஆள்; ஆகவே அவர் பெயரை 'சான்' இல்லாமல் சொல்லி, வினையையும் தாழ்த்திக் கூற வேண்டும். கேட்பவரை உயர்த்துவதற்காக நம்மவரைத் தாழ்த்துவது அது. மரியாதை என்றால் மூத்தவருக்கு எங்கும் எப்போதும் 'அவர்' என்றே வளர்ந்த எனக்கு, அந்தக் கோடு வயதை ஒட்டி ஓடுவதில்லை, அகம், புறம் என்பதை ஒட்டி ஓடுகிறது என்று புரிய ஓராண்டு ஆயிற்று. 'உச்சி', 'சொத்தோ' என்ற இந்தப் பாகுபாட்டைப் பட்டப்படிப்பு படித்த என் சக ஊழியை சமூக வரலாற்றோடு சேர்த்துக் கற்றிருந்தார். நான் வசைவாங்கிக் கற்றேன்.

பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளங்கலை மாணவர்களை ஜப்பானியக் கல்வி அமைச்சகம் உதவித்தொகை கொடுத்து ஏறத்தாழ ஓராண்டு அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்க அழைக்கிறது. மாலை வகுப்பு மாணவனாகிய எனக்கு அதற்கு விண்ணப்பிக்கும் தகுதியே இருக்கவில்லை. அது இன்றும் எனக்குக் குறையாகவே இருக்கிறது.

மறுமொழி 4 (சென்னை, மொழிபெயர்ப்பாளர்)

தங்கையே, பண்பாடு பற்றிய உன் கேள்விக்குத் தம்பி சொன்ன தொலைபேசி நிகழ்ச்சியே பாதி விடை. தேநீர்ச் சடங்கும் மலர் அடுக்குதலும் விழாக்களில் காட்டப்படுவன. வகுப்பில் நாங்கள் படித்தது பெரும்பாலும் வரலாறு, இலக்கியம், சமூகம். நாராவின் தொதாய்ஜி கோயிலில் 752-இல் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். நீ நாள்காட்டியைப் பார்த்து எழுதிப் பழகிய ஹிரகனா வரிசையை எடுத்துப் பார்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப'வாக ஒலித்தது. அதை மாற்றிப் படித்தால் நம் நெடுங்கணக்கின் வரிசை தெரியும். பௌத்தத்தோடு சென்ற வடமொழி எழுத்துக் கல்விதான் அந்த வரிசையை அங்கே கொண்டுபோயிற்று.

எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் நினைவில் வைத்துக்கொள். நொபுரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர் தமிழைக் கற்று, சோழர் கல்வெட்டுகளை நேரடியாகப் படித்து, பேராசிரியர் சுப்பராயலு போன்றோருடன் சேர்ந்து அவற்றில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார்; 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் ஊர் நிலங்கள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறின என்று நம் கல்வெட்டுகளிலேயே தேடிக் காட்டியவர் அவர். சான்றிதழ் வகுப்பு அவ்வளவு தூரம் அழைத்துச் செல்லாது. அதனால்தான், இடம் கிடைத்தால் டெல்லிக்குப் போ என்று சொல்கிறேன். அங்கே கட்டணமும் குறைவு. அப்பாவிடம் அதை மறக்காமல் சொல்.

முடிவு வரும்வரை காத்திருக்கும் நாள்களில் காஞ்சியைத் தொடங்கிவிடு. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம், கோட்டு வரிசை மாறாமல் எழுது. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் பொருளைத் தமிழில் குறித்து வை.